கோயில் ஹாலா, பெரிய ஆடிட்டோரியமா, மைதானமா: கிறிஸ்துமஸ் பாட்டு நாடகத்தை எங்கே போடுவது?

அக்டோபர் வந்துவிட்டால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி என வடசென்னைப் பங்குகளில், அதாவது ஒவ்வொரு கிறிஸ்தவக் கோயிலையும் சேர்ந்த சபைகளில், இளைஞர் குழுவும் குயர் என்கிற பாடகர் குழுவும் கூடி உட்கார்ந்து இதைத்தான் பேசுவார்கள்: இந்த வருஷம் கிறிஸ்து பிறப்பு பாட்டு நாடகத்தை எங்கே போடுவது? கோயில் வளாகத்து ஹாலிலேயே போடலாமா, வாடகைக்குப் பெரிய ஆடிட்டோரியம் எடுக்கலாமா, மைதானத்தில் மேடை போட்டு ஊரையே கூப்பிடலாமா? "எத்தனை பேர் வருவாங்க", "எவ்வளவு செலவாகும்" என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. கடைசி வரிசையில் உட்காரப் போகும் ஆயாவுக்கு எது தெரிய வேண்டும், எது காதில் விழ வேண்டும்? இதற்கு விடை சொல்லிவிட்டால் இடம் தானாக முடிவாகிவிடும்.

கிறிஸ்து பிறப்பு, அளவில் மிகச் சிறிய கதை. ஒரு இளம்பெண், ஒரு தச்சன், இடமில்லை என்று சாத்தப்படும் ஒரு கதவு, ஒரு கைக்குழந்தை. தவக்காலத்தில் போடுகிற, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தை இதோடு வைத்துப் பாருங்கள். தென்மாவட்டக் கடற்கரை ஊர்களில் அது திறந்தவெளியில், பெரும் கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறது, எடுபடவும் செய்கிறது. சாட்டையடி, சிலுவை சுமப்பது, படைவீரர் அணிவகுப்பு எல்லாமே எட்ட நின்று பார்த்தாலும் புரிகிற செயல்கள். பிறப்பு நாடகத்தின் உச்சமோ மரியாள் குழந்தையைப் பார்த்துப் பாடும் தாலாட்டு. அறுபது மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு நீலத் துணி போர்த்திய யாரோ குனிந்திருப்பது மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கதையின் முடிவு தெரியாதவர் கூட்டத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார். அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்க யாரும் வருவதில்லை. நம்ம தெருப் பையன் யோசேப்பாக நிற்பதைப் பார்க்க, பேத்தி தேவதையாக இறக்கை கட்டி வருவதைப் பார்க்க, கடைசியில் எல்லோரோடும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட வருகிறார்கள். முகம் தெரிவதும் கூடப் பாடுவதும் இந்த நாடகத்தின் பாதி. இரண்டையுமே இடத்தின் அளவுதான் தீர்மானிக்கிறது.

அரங்கம் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்கு இங்கே உதவும். நடிகரின் முகபாவம் தெரிய வேண்டிய பேச்சு நாடகமென்றால் மேடையிலிருந்து கடைசி இருக்கை சுமார் 20 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பாட்டும் கூட்ட ஆட்டமும் நிறைந்த நாடகமென்றால் சுமார் 30 மீட்டர் வரை போகலாம். 200, 250 பேர் கொள்ளும் கோயில் ஹாலில் கடைசி வரிசை இந்த முதல் எல்லைக்குள் நிம்மதியாக அடங்கும். ஆயிரம் பேர் அரங்கில் பின்வரிசைகள் இரண்டாவது எல்லையை ஒட்டி நிற்கும். மைதானத்தில் பாதிக் கூட்டம் இரண்டையும் தாண்டிவிடும்.

மைக் இருக்கும்போது தூரம் ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். மைக் இல்லாத காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. நம் பக்கத்து வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடை தியேட்டரில் நாடகக் கம்பெனிகள் ஆடிய நாட்களில், கடைசிப் பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குரல் உள்ளவர்தான் ராஜபார்ட், அதாவது கதாநாயகன். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அவ்வளவு உச்ச சுருதியில் பாடியதற்கு அரங்கின் அளவும் ஒரு காரணம். கீழ்ச் சுருதியில் குழைந்து பாடுகிற குரல் எத்தனை இனிமையானதாக இருந்தாலும் அந்த மேடையில் நிற்க முடியாது. மைக் வந்த பிறகு மெல்லிய குரலுக்கும் மேடை கிடைத்தது. அது பெரிய வரம்தான். ஆனால் மைக் கொண்டுபோவது குரலை மட்டும். முகம் இருந்த இடத்திலேயே நிற்கும். குரல் பக்கத்தில் கேட்க, ஆள் எங்கோ தெரிந்தால், "இப்ப யாரு பாடுறது?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கத் தோன்றும். பெரிய மைதானத்து நாடகங்களில் இந்தக் கேள்வி ஓயாமல் காதில் விழுகிறது.

முதலில் கோயில் ஹால். இதைத்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் கையிலிருப்பது என்பதாலேயே இதை மட்டமாக நினைத்துவிடுகிறோம். குறைகளை மறைக்க வேண்டியதில்லை. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, மேலே தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இப்படிப்பட்ட ஹாலில் ஒரு கை தட்டினால் ஒலி இரண்டு விநாடிக்கு மேலும் சுற்றிக்கொண்டிருக்கும். பேச்சு தெளிவாகக் கேட்க அது ஒரு விநாடி அளவில் அடங்க வேண்டும். பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அழகு. நல்ல விஷயம், ஆட்கள் வந்து உட்கார்ந்ததுமே எதிரொலி பாதியாக அடங்கிவிடும். உடம்பும் துணியும் ஒலியைக் குடித்துவிடும். அதனால்தான் காலி ஹாலில் ஒத்திகை பார்த்துவிட்டு "எக்கோ அடிக்குது" என்று வால்யூமை ஏற்றுகிறவர்கள் நாடகத்தன்று தடுமாறுகிறார்கள். பின்சுவரில் கனமான திரைச்சீலைகளோ பழைய கம்பளங்களோ தொங்கவிட்டால் மீதியும் சரியாகும்.

வெளிச்சத்தம் இதைவிடப் பெரிய தலைவலி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டிய ஹாலென்றால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரியின் ஹாரன் தேவதூதர் பேசும் நேரம் பார்த்துத்தான் வரும். சாலைப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தி, மறுபக்கத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். மழை பெய்தால் தகரக் கூரை எந்தக் குரலையும் விழுங்கிவிடும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு எல்லோரும் சேர்ந்து பாடுகிற கேரல் ஒன்றைக் கைவசம் தயாராக வைத்திருந்தால் நாடகம் நிற்காது.

இத்தனையும் சரிசெய்தால் இந்த ஹால் தருகிற அனுபவத்துக்கு நிகராக வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். மரியாள் பாட வாயைத் திறப்பதற்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்கும். இடையர் காட்சியில் நம்ம ஊர் பேச்சில் ஒரு வரி விழுந்தால் முன்வரிசையில் கிளம்பும் சிரிப்பு ஒரே நொடியில் கதவு வரை போய்ச் சேரும். நெருக்கமாக உட்கார்ந்த கூட்டத்தில்தான் சிரிப்பு அப்படித் தொற்றும். ஐந்து வயது ஆட்டுக்குட்டி மேடையிலிருந்து அம்மாவைக் கண்டுபிடித்துக் கையசைக்கும். பயந்து நிற்கிற பிள்ளைக்கு மூன்றாம் வரிசையில் ஒரு முகம் தெரிவது எவ்வளவு தைரியம் என்பது பிள்ளைகளை மேடை ஏற்றிப் பழகியவர்களுக்குத் தெரியும். பெரிய அரங்கில் விளக்கு கண்ணில் அடிக்க, எதிரே வெறும் இருட்டு. பார்க்கிறவர்களின் அனுபவத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நடிக்கிற பிள்ளையின் அனுபவமும் இடத்தின் அளவோடு மாறுகிறது.

சின்ன ஹாலுக்கு என்று சில ஒழுங்குகள் உண்டு. டிரம் செட் வேண்டவே வேண்டாம். அது அடித்தால் பாட்டின் சொல் ஒன்றும் கேட்காது. கீபோர்டு, தபேலா அல்லது டோலக், முடிந்தால் ஒரு வயலின் போதும். மைனஸ் டிராக் (குரல் இல்லாத, பதிவு செய்த பின்னணி இசை) போட்டுப் பாடுவதை இங்கேயாவது விட்டுவிடலாம், ஏனென்றால் ஒரு பிள்ளை வரியை மறந்து நின்றால் டிராக் காத்திருக்காது, கீபோர்டு வாசிக்கிற அண்ணன் காத்திருப்பார். காலர் மைக் கதை சொல்கிறவருக்கும் மரியாளுக்கும் மட்டும் போதும். மேடை முகப்பில் இரண்டு மைக் வைத்தால் மற்றவர்களுடையதை அவை பிடித்துக்கொள்ளும். மேக்கப்பும் மெலிதாக இருக்கட்டும். பத்தடியில் பார்க்கிறவருக்கு அப்பிய பவுடர் முகமூடியாகத் தெரியும். குயர் 20 பேரைத் தாண்டினால் மேடையில் ஏற்றாமல் பக்கவாட்டில் தரையில் நிறுத்துங்கள்.

இடம் போதாது என்ற குறை இருக்கிறதே? அதற்கு விடை பெரிய இடம் எடுப்பதல்ல. இன்னொரு நாளும் போடுவது. 250 பேர் ஹாலில் மூன்று மாலை என்றால் 750 பேர் பார்க்கிறார்கள், ஒவ்வொருவரும் முகம் பார்த்து. முதல் நாள் தவறியது இரண்டாம் நாள் சரியாகும். மூன்றாம் நாள் பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடுவார்கள். தொண்டை கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் முக்கியப் பாத்திரங்களுக்கு மாற்று ஆள் பழக்கி வைக்க வேண்டும். அதனால் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

அடுத்தது 600 முதல் 1,000 பேர் கொள்ளும் ஆடிட்டோரியம். இசையைப் பொறுத்தவரை நல்ல நடுத்தர அரங்கின் சுகமே தனி. சாய்வான இருக்கை, முறையான ஒலி அமைப்பு, விளக்குக் கம்பங்கள், பக்கத் திரைகள், உடை மாற்ற அறை. 40 பேர் குயர், நான்கு குரல் பிரிவு, வாத்தியக் குழு என்று பலமுள்ளவர்கள் இங்கேதான் போட வேண்டும். சின்ன ஹாலில் 40 குரல் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். விரிந்து கலக்க அதற்குக் காற்றில் இடம் வேண்டும். 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற பெரிய குயர்களின் பாட்டை நல்ல அரங்கில் கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் சொல்லாமலே புரியும். நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக வட்டாரமான பிராட்வேயின் கணக்கில் 500 இருக்கையும் அதற்கு மேலும் உள்ள அரங்குகளே முழு பிராட்வே அரங்குகள். அங்குள்ள மிகப் பெரிய அரங்கே 2,000 இருக்கைக்குக் கொஞ்சம் குறைவுதான். மியூசிக்கல் என்கிற பாட்டு நாடகத்தையே தொழிலாகச் செய்கிறவர்கள் இந்த எல்லைக்குள் நிற்பதில் பணக் கணக்கும் உண்டு, கண்ணும் காதும் போட்ட கணக்கும் உண்டு.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது. 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் இடம். உயர்நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-இல் நீண்ட பிறகு திருவொற்றியூர்க் குடும்பங்களுக்கும் அங்கே போய் வருவது சுலபமாகிவிட்டது. ஆனால் டிசம்பர் பின்பாதியில் அங்கே தமிழிசை விழா நடக்கும் என்பதால் நாம் விரும்பும் தேதி கிடைப்பது அரிது. எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896-இல், மைக் இல்லாத காலத்தில் கட்டியது. நாடகத்துக்கென்றே அமைந்த இடம். அங்கேயும் முன்பதிவு முந்திக்கொள்கிறவருக்குத்தான்.

பெரிய அரங்கின் ஆபத்து வாடகையில் மட்டும் இல்லை. ஒருநாள் வாடகை கொடுத்து, காலையில் உள்ளே நுழைந்து, மாலையில் நாடகம் என்றால் அந்த மேடையைப் பிள்ளைகள் புரிந்துகொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கோயில் ஹாலில் எட்டு அடி எடுத்து வைத்து வந்து நின்ற யோசேப்பு இங்கே இருபது அடி நடக்க வேண்டும். பாட்டு முடிந்த பிறகும் அவன் நடந்துகொண்டிருப்பான். பக்கத் திரைகளை உள்ளே இழுத்து மேடையைக் குறுக்குங்கள். உடையில் ஜரிகை வேலைக்குச் செலவழிக்காமல் தூரத்திலிருந்து வேறுபாடு தெரிகிற நிறங்களில் செலவழியுங்கள். பேசுகிற ஒவ்வொருவருக்கும் காலர் மைக் தேவைப்படும். எட்டு மைக்கைப் பதினைந்து பேர் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தால், அதை மட்டும் பார்த்துக்கொள்ள மேடைக்குப் பின்னால் ஒருவர் வேண்டும். அரங்கம் ஒத்திகைக்கு ஒரு முழு நாள் கிடைக்காது என்றால் நான் அந்த அரங்கை எடுக்க மாட்டேன்.

காலி நாற்காலி பற்றியும் சொல்ல வேண்டும். 250 பேர் வந்தால் கோயில் ஹாலில் திருவிழா. அதே 250 பேர் ஆயிரம் இருக்கை அரங்கில் அங்கங்கே சிதறி உட்கார்ந்தால் மேடையில் நிற்கிறவர்களுக்கு உள்ளே ஏதோ இறங்கிவிடும். கைதட்டல் வரும், சேராது. கூட்டம் குறைவென்று மாலையில் தெரிந்தால் கூச்சப்படாமல் பின் வரிசைகளுக்குக் கயிறு கட்டி எல்லோரையும் முன்னால் உட்கார வையுங்கள்.

மூன்றாவது மைதானம். இதன் ஈர்ப்பு எனக்கும் புரிகிறது. டிக்கெட் இல்லை, மதில் இல்லை. இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் பாய் விரித்து உட்காருவார்கள். வேர்க்கடலையும் சுண்டலும் விற்கும். வடசென்னையில் தெருக்கூத்தும் கச்சேரியும் வளர்ந்தது இப்படித் திறந்த இடத்தில்தான். எல்லோருக்குமானது என்ற உணர்வை வேறெந்த அரங்கும் இப்படித் தராது.

ஆனால் ஒலியின் கணக்கு இங்கே கடுமையானது. ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 50 மீட்டரில் இருக்கிறவருக்குப் பாட்டு ஏறக்குறைய விநாடியில் ஏழில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேரும். சின்னதாகத் தோன்றும், ஆனால் எல்லோரும் சேர்ந்து கைதட்டிப் பாடும்போது பின்கூட்டம் தாளத்தில் பின்தங்கும். அது முன்னால் வந்து சேரும்போது தாமதம் இரட்டிப்பாகியிருக்கும். கடைசிக் கேரல் ஒன்றாக முடிவதற்குப் பதில் இழுத்துக்கொண்டே போய் முடியும். நடுவில் கூடுதல் ஸ்பீக்கர் வைத்து, அதன் ஒலியைக் கணக்காகத் தாமதப்படுத்தத் தெரிந்த சவுண்ட்காரர் இருந்தால் ஓரளவு சரிசெய்யலாம். அது தெரியாமல் ஸ்பீக்கரை மட்டும் அடுக்கினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். கடல் காற்று திசை மாறினால் ஒரு பக்கத்துக் கூட்டத்துக்கு ஒலி தேய்ந்துவிடும்.

பெரிய எல்இடி திரை வைத்தால் முகம் தெரியுமே என்பார்கள். திரை வந்த நொடியில் எல்லாக் கண்ணும் அதற்குப் போய்விடும். மேடையில் உயிரோடு நிற்கிற பிள்ளையை விட்டுவிட்டுத் திரையில் அதே பிள்ளையைப் பார்ப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். பாட்டு வரிகளைக் காட்ட மட்டும் திரை வைத்தால் எல்லோரும் சேர்ந்து பாட உதவும். அதற்கு மேல் வேண்டாம்.

வானிலையும் சட்டமும் சேர்ந்தே வருகின்றன. 2015 டிசம்பர் தொடக்கத்து வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 டிசம்பர் முதல் வாரத்து மிக்ஜாம் புயல். வடகிழக்குப் பருவமழை முடியாத மாதத்தில் திறந்த மேடைக்குத் தேதி குறிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம் என்றாலும், அது வருஷத்துக்கு 15 நாளைத் தாண்டக் கூடாது. அதிகாலையில் கடலுக்குப் போகிற வீடுகள் சுற்றிலும் இருக்கும்போது, எட்டரைக்கு முடிப்பதே எந்த அனுமதியையும் விட நல்ல ஏற்பாடு.

இதையும் தாண்டிய பெரிய அளவு உண்டா என்றால், உண்டு. பெரியமேட்டு நேரு உள்விளையாட்டரங்கத்தில் சுமார் 8,000 பேர் உட்காரலாம். பங்கு நாடகத்துக்கு அது பொருந்தாது. ஆனால் அந்த அளவில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி எப்படி வெற்றி பெறுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நியூயார்க்கில் சுமார் 6,000 இருக்கை கொண்ட ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் 1933 முதல் நடந்து வரும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் 36 பெண்கள் ஒரே கோட்டில் நின்று ஆடுகிறார்கள். அங்கே யாருடைய முகமும் தெரிய வேண்டியதில்லை, கோடு தெரிந்தால் போதும். கடைசியில் வரும் குடில் காட்சியையும் ஒட்டகமும் ஆடும் நடந்து வரும் ஊர்வலமாக அமைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் தாலாட்டு எடுபடாது என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைக் கொடுக்கிறார்கள். மைதானம்தான் வேண்டும் என்கிற குழு இதைப் பின்பற்றலாம். வசனத்தைக் கதை சொல்கிறவர் ஒருவருக்கே கொடுத்துவிட்டு, மூன்று ராஜாக்கள் கூட்டத்துக்கு நடுவே விளக்கோடு நடந்து வரட்டும். இடையர்கள் பின்னாலிருந்து வரட்டும். மேடையில் நடப்பதை விடக் கூட்டத்துக்குள் நடப்பது அதிகமாக இருக்கட்டும். அப்படி எழுதிய நாடகம் மைதானத்தில் நிற்கும். ஹாலுக்கு எழுதியதை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் நிற்காது.

டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். சின்னப் பிள்ளைகளோடு போனால் சின்ன அரங்கில் எந்த இருக்கையும் நல்லது. பெரிய அரங்கில் முதல் வரிசையைத் துரத்த வேண்டாம்; அங்கே கால்தான் தெரியும். நடுப்பகுதியில் ஏழு முதல் பன்னிரண்டாம் வரிசைக்குள், நடைபாதையை ஒட்டிய இருக்கை கிடைத்தால் முகமும் தெரியும், முழு மேடையும் தெரியும், பிள்ளை அழுதால் சட்டென்று எழுந்து போகவும் முடியும்.

ஆக, 30 பிள்ளைகளும் 20 பேர் குயரும் உள்ள சராசரி வடசென்னைப் பங்குக்கு என் பரிந்துரை கோயில் ஹால், மூன்று மாலை. 40 பேருக்கு மேல் பழகிய குயரும் நேரடி வாத்தியக் குழுவும் முழு நாள் அரங்க ஒத்திகையும் இருந்தால் ஆடிட்டோரியம். மைதானத்தை நாடகத்துக்கு வைக்காமல் ஒரு மாலை முழுக்கக் கேரல் பாடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஊரைக் கூப்பிடும் ஆசையும் நிறைவேறும்.

தேதி விஷயத்திலும் ஒரு வார்த்தை. அரையாண்டுத் தேர்வும் வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸும் முட்டிக்கொள்கிற டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நாடகத்தையும் திணிக்காதீர்கள். கிறிஸ்துமஸ் காலம் 25-ஆம் தேதியோடு முடிந்துவிடுவதில்லை. மூன்று ராஜாக்கள் திருவிழா வரை இருக்கிறது. டிசம்பர் 27, 28, 29 என்று வைத்தால் பள்ளி விடுமுறை, மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், ஊருக்குப் போகாத குடும்பங்கள் எல்லாம் வரும். ஹாலை அக்டோபரிலேயே ஃபாதரிடம் சொல்லி மூன்று மாலைகளோடு 26-ஆம் தேதியையும் சேர்த்து எழுதி வைத்துவிடுங்கள். அந்த நாள் முழு உடை ஒத்திகைக்கு. அன்று மரியாளை மைக் இல்லாமல் தாலாட்டைப் பாடச் சொல்லிவிட்டு, குயர் மாஸ்டர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். சொற்கள் புரியாவிட்டால் பின்சுவருக்கு இன்னும் இரண்டு திரைச்சீலை வாங்க நேரம் இருக்கிறது.